திரும்புவதற்குப் பத்து நாள்

ஏசுவடியான் அண்ணனுக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்ச நேரம் ஒளித்து வைத்திருந்து, பிறகு பெரிய அதிசயம்போல வெளியே எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அவருக்கும் பிடிக்காது. "கண்ணு தெரியாதுங்கறது என்ற ஊட்டு விலாசம் மாதிரிங்க அம்மணி. வேணும்கறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பார்.

கணபதி என்கிற பகுதியில், சத்தி ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே இருக்கிறது எங்கள் கம்பெனி. விவசாய மோட்டார் பம்புகளுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் முதலான உதிரி பாகங்கள் செய்து விற்கிறோம். போனில் வரும் ஆர்டர்களைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. அவர் ஏற்றியதைப் பார்த்துப் பெட்டி கட்டி லாரிக்கு அனுப்புவது என் வேலை. பதினாறு வருஷமாக அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு இரும்பு பீரோ மட்டும்தான் இருந்தது.

அவர் சிங்காநல்லூரில் ஒரு மில் தொழிலாளியின் மகன். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை மங்க ஆரம்பித்தது. இருபது வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. பார்வையற்றவர்களுக்கான டெலிபோன் ஆப்பரேட்டர் பயிற்சி முடித்து, இருபத்து நான்காவது வயதில் இங்கே வந்து சேர்ந்தார். அப்போது முதலாளி வெங்கடபதி நாயுடு. வெளியிலிருந்து வரும் போனை உள்ளே யாருக்குத் தர வேண்டுமோ அவருக்குத் தரும் போர்டில் அண்ணன் உட்கார்ந்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் போர்டு சும்மா கிடந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, கம்ப்யூட்டர் கத்துக்கறயா?" என்று கேட்டாராம். முப்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டார். அந்த வருஷம்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு காதில் போன், இன்னொரு காதில் கம்ப்யூட்டரின் ஹெட்போன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு குரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை, அவ்வளவு வேகம். "மெதுவாப் பேசச் சொன்னா எனக்குத் தூக்கம் வந்துருமுங்க" என்றார். அந்தக் குரலுக்கு டெய்சி என்று பெயர் வைத்திருந்தார். டெய்சி என்பது அவர் மனைவி விமலாராணியின் தங்கை. அந்தம்மாள் வாய் ஓயாதவர் என்பது எங்கள் ஆபீசுக்கே தெரியும். "இன்னிக்கு டெய்சி என்ன சொல்றாங்க?" என்று கேட்காமல் யாரும் அவர் மேசையைத் தாண்ட மாட்டோம்.

ஆர்டர் ஏற்றும் புரோகிராம் எங்களிடம் முன்பு வேலை பார்த்த ஒரு இன்ஜினியர் எழுதியது. அவர் வெளிநாடு போய்விட்டார். அந்தப் புரோகிராமை முதலில் டெய்சியால் வாசிக்க முடியவில்லை. அண்ணனின் நண்பர் ஒருவர், அவரும் பார்வையற்றவர், மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து அதைப் பேச வைத்தார். நண்பர் பிறகு காலமாகிவிட்டார். அவர் செய்து வைத்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுச் சொச்சம் பாகங்கள் உள்ள பட்டியலில் அண்ணன் கீழ் அம்புக்குறியை டக்டக்கென்று தட்டி, சரியான இடத்தில் நிறுத்துவார். டெய்சி சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிடும். தாராபுரம் டீலர் லட்சுமணசாமி போனில் இருமும்போதே அவருடைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்.

யாரிடமும் உதவி கேட்கிற ஆளில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பார். சாயந்தரம் சத்தி ரோட்டில் டவுன் பஸ்ஸும் வெளியூர் பஸ்ஸும் கம்பெனி வண்டிகளும் கலந்து வரும். நான் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்து, "காந்திபுரம் வண்டிங்ணா" என்று சொல்ல வேண்டும். காந்திபுரத்தில் இறங்கிவிட்டால் சிங்காநல்லூர் வண்டி நிற்கும் இடம் அவருக்கு அத்துப்படி. அவர் ஏறிய பிறகுதான் நான் ரத்தினபுரிப் பக்கம் நடப்பேன். பதினாறு வருஷத்தில் நான் லீவு போட்ட நாட்களைத் தவிர இது தவறியதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரை இயக்குகிற சிஸ்டத்தின் பத்தாம் பதிப்புக்கு இனிமேல் ஆதரவில்லை, பதினொன்றுக்கு மாறுங்கள் என்று போன வருஷத்திலிருந்தே அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. அறிவிப்பா அது? நச்சரிப்பு. ஒருவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். 'மாறுகிறேன்' என்பதற்குப் பட்டையான நீலப் பொத்தான். 'இப்போது வேண்டாம்' என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்டுகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. என் கம்ப்யூட்டர் டிசம்பரிலேயே மாறிவிட்டது. எனக்கு ஒரு வாரம் எரிச்சல், அவ்வளவுதான். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உமர் பாரூக் காந்திபுரத்தில் கடை வைத்திருக்கிறார். என்னுடையதை மாற்றிக் கொடுத்த அன்று, "பிடிக்கலைன்னா பத்து நாளைக்குள்ள சொல்லுங்க மேடம், பழசுக்கே திருப்பிரலாம். அதுக்கு மேல போச்சுன்னா முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மட்டும் மாறவே இல்லை. "என்ற மெஷின்ல அது வந்துச்சுன்னா வேண்டாம்னு குடுத்துருங்க. டெய்சிக்கு ஆகாது" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் சொல்லியிருந்தார்.

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். அண்ணன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் லாரி ஆபீஸ் ஆள் நின்றுகொண்டு ஹாரனை அடிக்கிறான். என் பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. ஒரு ஆர்டர் நம்பர் பார்ப்பதற்காக அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நீலப் பொத்தான் வந்து திரையை மறைத்தது. பொடி எழுத்தைத் தேடினேன். அகப்படவில்லை. வெளியே மறுபடி ஹாரன். என்றைக்கானாலும் வரப்போகிற சனியன்தானே, வந்து தொலையட்டும் என்று பெரிய பொத்தானை அமுக்கினேன். அறிவிப்பு போய்விட்டது. நம்பரை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டேன். அரை நிமிஷம்கூட இருக்காது.

அன்றைக்கு முழுவதும் அந்தக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் புதியதை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சாயந்தரம் கிளம்பும்போது மூடித் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறது. அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று என்ட்டரைத் தட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஹெட்போனை மாட்டியவர் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தார். தன் வீட்டுக்குள் யாரோ பீரோவையும் கட்டிலையும் இடம் மாற்றி வைத்துவிட்டதுபோல ஒரு தயக்கம் அந்த விரல்களில் இருந்தது.

"என்னங்ணா ஆச்சு?" என்று கேட்டேன். எனக்கா தெரியாது!

"புதுசு வந்துபோட்டுதுங்க அம்மணி. நேத்து சாயந்தரம் எதோ கேட்டுது, டெய்சி சொல்றத முழுசாக் கேக்காம என்ட்டரத் தட்டிப்போட்டேன். என்ற தப்புதானுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'இல்லீங்ணா, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு, முதலாளியின் மகள் பூஜிதா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டிருந்தார். வெங்கடபதி நாயுடு படுத்த படுக்கையான பிறகு கம்பெனியை நடத்துவது பூஜிதாதான். டீலர்களே செல்போனில் ஆர்டர் போட்டுக்கொள்ளும்படி ஒரு ஆப் வரப்போகிறது, இரண்டு வருஷம் ஆகும், அதுவரை ஆர்டர் மேசையில் தவறு நடக்கக் கூடாது என்று சொன்னார். தவறுக்குக் காரணமானவள் நான் என்று வெளியே வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். பயம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. வெட்கம். சொல்லிச் சொல்லி வைத்தவரின் பேச்சை மதிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்கிற வெட்கம்.

திரும்புவதற்குப் பத்து நாள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. உமர் பாரூக்கைக் கூப்பிடலாம். ஆனால் அவர் வந்தால் எப்போது யார் அனுமதி கொடுத்தது என்று நேரம் உட்படப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படிப் பார்க்க முடியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. அண்ணனும் யாரையும் கூப்பிடவில்லை. பூஜிதா மேடம் காதுக்குப் போனால் ஆப்பைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அவருக்கும் பயம். "கொஞ்சம் மெதுவாப் பேசறா. பழகிப்போகுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் சாப்பிடப் போகவில்லை. காலையில் விட்டுப்போன ஆர்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் நெற்றியில் வேர்வை வழியப் போனில் பேசுவதைக் கேட்டேன். ஒரே அளவை மூன்று முறை திருப்பிக் கேட்கிறார். அவர் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. புரோகிராமின் பட்டியலுக்குள் போனால் டெய்சி 'பட்டியல், பட்டியல்' என்று மட்டும் சொல்கிறாளாம், உள்ளே இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறாளாம். ஏழாம் நாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். முகத்தில் பழைய சிரிப்பு. "அவ சொல்லாட்டிப் போறா. எது எத்தனாவது இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எண்ணித் தட்டிப்போடறேன்."

ஒன்பதாம் நாள் நான் முடிவு செய்துகொண்டு அவர் மேசைக்குப் போனேன். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, "ஏனுங்க அம்மணி, நேத்து ஒரு நாள்ல நாப்பது ஆர்டர் போட்டனுங்க. பழைய வேகம் வந்துருச்சு" என்றார். அவரே சமாளித்துவிட்டார், இனி எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பத்தாம் நாள் வந்தது, போனது.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லட்சுமணசாமியின் போன். பீரோவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது அவர் சத்தம்.

"ஏனுங்க ஏசு, கிணத்து மோட்டாரப் பிரிச்சுப் போட்டுட்டு விவசாயி ரெண்டு நாளா என்ற கடைவாசல்ல உக்காந்திருக்காரு. ஒண்ணரை எச்பி இம்பெல்லர் கேட்டா ஒரு எச்பி அனுப்பியிருக்கீங்க. பதினாறு வருசத்துல இப்படி ஆனதில்லீங்களே!"

அடுத்து பல்லடம். அடுத்து உடுமலை. மத்தியானத்துக்குள் ஒன்பது போன் வந்துவிட்டது. ஏழாம் நாளிலிருந்து போன பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கேட்டதற்கு ஒன்று மேலே உள்ள பாகம் போயிருக்கிறது. பெட்டி கட்டும்போது எனக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தாராபுரத்துக்கு இவ்வளவு ஒரு எச்பி எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அவர் போட்டதில் தப்பு இருக்காது என்கிற பழக்கம் எனக்கு.

உமர் பாரூக் வந்தார். அண்ணனைத் தட்டச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணன் ஏழு முறை தட்டினார். நீலக்கோடு ஆறாவது வரியில் நின்றது. மறுபடி ஏழு. மறுபடி ஆறில் நின்றது. புதிய சிஸ்டத்தில் பட்டியலுக்குள் நுழைவதற்கே முதல் தட்டு செலவாகிவிடுகிறது என்று உமர் சொன்னார்.

"அப்ப நான் எண்ணுனது சரிதானுங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"நீங்க எண்ணினது சரிதாண்ணா. மெஷின்தான் ஒண்ணை முழுங்கிருச்சு."

அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உமர் ஏதேதோ திறந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "மூணு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தாக்கூடப் பழசுக்குத் திருப்பியிருக்கலாம். பத்து நாள்தான் டைம் குடுப்பான். யாருக்கும் தெரியலியா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். டிசம்பரில் எனக்கு இதைச் சொன்னவரே அவர்தான். அவருக்கு ஞாபகமில்லை. நான் பீரோவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழையதைப் புதிதாகப் போட முடியாதா என்று அண்ணன் கேட்டார். போடலாம், ஆனால் நண்பர் செய்து வைத்த வேலை போனது போனதுதான், அதை எழுதி வைத்த கோப்பு எங்கும் இல்லை என்றார் உமர்.

அன்று மத்தியானம் அண்ணன் ஒவ்வொரு டீலருக்கும் தானே போன் போட்டார். பதினோரு பேர். "என்ற தப்புதானுங்க. கேக்காம ஒரு என்ட்டரத் தட்டிப்போட்டேன், அதுல வந்த வினை. மன்னிச்சுக்கோங்க." இதே வார்த்தைகளைப் பதினோரு முறை சொன்னார். நான் பீரோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினோரு முறையும் கேட்டேன். பிறகு மேடத்தின் அறைக்குப் போய் அங்கேயும் ஒருமுறை சொன்னார்.

பூஜிதா கெட்டவர் இல்லை. "ஒரு மாசம் பாருங்கண்ணா. அதுவரைக்கும் பொற்கொடி ஆர்டர் ஏத்தட்டும். வேற எதாச்சும் வழி இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றார். பொற்கொடி என்பது நான்.

வழி தேடுவதில் அவர் சளைக்கவில்லை. பார்வையற்ற நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி அனுப்பிக் கேட்டார். மதுரையிலிருந்து ஒருவர், திருச்சியிலிருந்து ஒருவர் என்று பதில்கள் வந்தன. லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் இருக்கிறது, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை, உன்னைக் கேட்காமல் எதையும் மாற்றாது, அதிலும் ஒரு குரல் இருக்கிறது என்று ஒருவர் ஐந்து நிமிஷம் பேசியிருந்தார். அதை எனக்குப் போட்டுக் காட்டினார். "பாருங்க அம்மணி, நம்மளக் கேக்காம மாத்தாதாம். அதாங்க எனக்கு வேணும்."

சனிக்கிழமை மத்தியானம் அவரை உமரின் கடைக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். காந்திபுரத்தில் ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடி. உமர் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். ஹெட்போனை மாட்டியதும் அண்ணன் முகத்தைச் சுளித்தார். "தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுங்க. இவ டெய்சி இல்ல, டெய்சியோட மாமியா." உமர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். அவருக்கு இது சரியாகிவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

இரண்டு வாரம் அந்த மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகினார். ஐம்பத்து நான்கு வயதில் எல்லாக் குறுக்குவழிகளையும் புதிதாக மனப்பாடம் செய்தார். காலையில் பஸ்ஸில் வரும்போது தொடையில் விரலைத் தட்டிக்கொண்டே வருவாராம். மாமியார் குரலும் பழகிவிட்டது. கடிதம் அடித்தார், மெயில் அனுப்பினார். எனக்கே ஒரு மெயில் வந்தது: 'அம்மணி, மாறிப்போட்டேன். யாரும் எந்த நீலப் பொத்தானும் நீட்டுவதில்லை.' அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் கடைசியில் உமர் அந்த ஆர்டர் புரோகிராமை லினக்ஸில் ஓட வைக்கப் பார்த்தார். ஒரு முழு நாள் ஆயிற்று. கடைசியில் ஓடியது. திரையில் எல்லாம் தெரிந்தது. பாகங்களின் பட்டியல், டீலர் பெயர்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினார். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. 'பட்டியல்' என்றுகூடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தால் சுவர் இருக்கிற மாதிரி, அந்தப் புரோகிராம் இருக்கிற இடத்தில் அவருக்கு வெறும் அமைதி. உமர் இன்னும் இரண்டு நாள் முயன்றார். புரோகிராமையே புதிதாக எழுதினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்.

"புதுசா எழுதறதுன்னா, ஆப்பையே எழுதிறலாமே" என்றார் பூஜிதா. அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? இரண்டு வருஷத்துக்குப் பிறகு வர வேண்டிய ஆப் மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. இப்போது லட்சுமணசாமி இருமுவதில்லை. செல்போனில் படத்தைத் தொட்டு ஆர்டர் போடுகிறார்.

அண்ணனைப் போகச் சொல்லவில்லை. சம்பளம் அப்படியே வரும், போன் செய்கிறவர்களிடம் ஆப்பில் போடச் சொன்னால் போதும் என்றார்கள். பத்து நாள் அப்படி உட்கார்ந்தார். நாளுக்கு நான்கு போன் வந்தால் அதிகம். மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார். பதினோராம் நாள் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அதையும் லினக்ஸில்தான் அடித்திருந்தார்.

"ஏனுங்ணா இப்படி?" என்று கேட்டேன்.

"ஒருக்கா போர்டு போச்சு. அப்ப முப்பத்தெட்டு வயசு, எந்திரிச்சு வேற கத்துக்கிட்டேன். இப்பவும் கத்துக்கிட்டேன், ஆனா வெக்கறதுக்கு எடமில்லீங்க. நானே தட்டின என்ட்டரு. யாரச் சொல்லி என்ன?"

கடைசி நாளன்று சால்வை போர்த்தினார்கள். எங்கள் கம்பெனியில் போகிற எல்லோருக்கும் சுவர்க் கடிகாரம்தான் கொடுப்பது வழக்கம். யாரும் யோசிக்காமல் அவருக்கும் அதையே வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் கண்ணாடியை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "மணி அடிக்குமுங்களா?" என்று கேட்டார். அது அடிக்காது. "ஊட்டுல விமலா பாத்துச் சொல்லுவாங்க" என்று அவரே சொல்லிக் கூட்டத்தைக் காப்பாற்றினார்.

சாயந்தரம் பஸ் நிறுத்தத்துக்கு வழக்கம்போல இரண்டு பேரும் நடந்தோம். கடிகாரப் பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டார். நிறுத்தத்தில் இன்னொரு அம்மாள் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நடுவில், நான் இடது பக்கம்.

"பதினாறு வருசமா பஸ் பாத்துச் சொன்னீங்க அம்மணி. அத மறக்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. ஒன்பதாம் நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணா, அன்னைக்கு அமுக்குனது நீங்க இல்லீங்ணா. நானு" என்றேன்.

"எதைங்க?"

"அந்தப் புது சிஸ்டம். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். பெரிய பொத்தானை அமுக்கிட்டேன். நீங்க சாயந்தரம் தட்டினது வெறும் ரீஸ்டார்ட்டுங்ணா. அதுக்கு முன்னாடியே நான் சரின்னு குடுத்துப்போட்டேன்."

அவர் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்வார் என்றும், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், எதிர்பார்த்தேன். ஒரு கம்பெனி வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"உமர் பாய் பத்து நாள்னு சொன்னாருங்களே. அது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தெரியுமுங்ணா."

"எப்பருந்து?"

"மொத நாள்லருந்து."

தலையை மெதுவாக ஆட்டினார். பதினோரு பேருக்குப் போன் போட்டது அவர் நினைவில் ஓடியதோ என்னவோ, உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. பிறகு வலது பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பக்கத்துல யாராச்சும் நிக்கறீங்களா? காந்திபுரம் வண்டி வந்தாக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"சொல்றேனுங்க" என்றார் காய்கறிப் பை அம்மாள். என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

அவருக்கும் எனக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இல்லை. சிக்னலைத் தாண்டி பஸ் திரும்பும்போதே பலகை எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் பையைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்து, "வண்டி வந்துருச்சுங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.